பெயர் சாமி, ஊர் ஊடு

வாங்க, உட்காருங்க. புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போகச் சொல்லி நம் கதிர்வேல் கூப்பிட்டார். "கம்ப்யூட்டர் எல்லாம் அவங்களுக்கே தெரியும், நான் என்னத்தப் பேசறது" என்று கொஞ்சம் பிகு பண்ணிப் பார்த்தேன். அவர் விடவில்லை. ஓய்வு பெற்றவளுக்குப் பேச ஆள் கிடைத்தால் லேசில் நிறுத்த மாட்டாள், அதை இப்பவே சொல்லிவிடுகிறேன். டீயை ஆறவிடாமல் குடியுங்கள்.

இந்தத் திருச்செங்கோட்டு அறக்கட்டளையில் செய்திப் பிரிவைப் பார்த்துக்கொண்டவள் நான். நம் வேலை என்ன என்று உங்களுக்கு நேர்காணலிலேயே சொல்லியிருப்பார்கள். ரிக் வண்டியோடு வடக்கே போய் ஆழ்துளைக் கிணறு போடுகிற நம் ஊர் ஆட்கள் அங்கே நோயில் விழுந்தாலோ, மனசு கலங்கி எங்காவது இறங்கிப் போய்விட்டாலோ, தேடிப் பிடித்துக் குடும்பத்தில் சேர்ப்பது. சொல்ல ஒரே வரி. செய்யப் போனால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கும்.

என் வேலையில் பாதி, ஃபீடு பார்ப்பது. நாடு முழுக்கத் தெருவில் அலைகிறவர்களைக் கூட்டி வந்து குளிப்பாட்டி, சோறு போட்டு, மருந்து கொடுத்து வைத்திருக்கிற காப்பகங்கள் இருக்கின்றன. புதிதாக யாரையாவது மீட்டால் தங்கள் தளத்தில் செய்தி போடுவார்கள். ஒவ்வொரு தளமாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் ஆயுசு போதாது. ஃபீடில் சேர்ந்துவிட்டால் எல்லாருடைய செய்தியும் வந்த வரிசையில் ஒரே திரையில் வந்து நிற்கும். புத்தகத்தில் செய்தியோடை என்று எழுதுகிறார்கள். நல்ல சொல்தான். என்ன செய்ய, நம் ஆபீசில் யார் வாயிலும் அது நிற்கவில்லை.

ஆனால் ஃபீடு என்ற சொல்லை, கோழித் தீவனத்துக்கு அதே பெயர் சொல்கிற நாமக்கல் ஜில்லாவில் வைத்துக்கொண்டு பிழைக்க முடியுமா? நம் தளத்தில் முதன்முதலாக "எங்கள் ஃபீடில் சேருங்கள், தினமும் புதிது" என்று போட்டோம். மோகனூர்ப் பக்கமிருந்து ஒரு கோழிப்பண்ணைக்காரர் போன் பண்ணிவிட்டார். "ஏனுங்க, உங்க ஃபீடு முட்டைக் கோழிக்குங்களா, கறிக் கோழிக்குங்களா?" என்றார். "இது செய்திங்க" என்றேன். "செய்தி இருக்கட்டுங்க, மக்காச்சோளம் எவ்வளவு கலக்கறீங்க?" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. அவரும் விஷயம் புரிந்ததும் சிரித்துவிட்டு, போனில் ஃபீடை வைத்துக்கொண்டார்.

"இதெல்லாம் எதுக்கு மேடம், வாட்ஸப்பிலேயே எல்லாம் வருதே" என்று உங்களில் ஒருவர் நினைப்பது முகத்தில் தெரிகிறது. நினைத்துக்கொள்ளுங்கள். பூங்கொடியின் கதையைச் சொல்லி முடித்தபின் கேளுங்கள்.

பூங்கொடிக்கு ஜேடர்பாளையம் அணைக்கட்டுக்குக் கிழக்கே ஊர். தறிப் பட்டறையில் வேலை. கணவர் செங்கோடன் ரிக் வண்டியில் போனவர். வடக்கே வேலையில் இருக்கும்போதே தனக்குத் தானே பேசிக்கொள்ளவும், சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கவும் ஆரம்பித்திருக்கிறார். கூட வேலை பார்த்தவர் ஒருவர் ரயிலில் கூட்டிக்கொண்டு கிளம்பினார். வழியில் அவர் கண் அயர்ந்து விழித்தபோது பக்கத்து இருக்கை காலி. எந்த ஸ்டேஷனில் இறங்கினார் என்று யாருக்கும் தெரியவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தார்கள், ஊர் ஊராகத் தேடினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம்தான் பூங்கொடி நம்மிடம் வந்தாள்.

அவள் வந்த சில மாதத்தில் வாட்ஸப்பில் ஒரு படம் சுற்றியது. ஆந்திராவில் ஒரு கோயில் வாசலில் தாடியும் சடையுமாக ஒருவர் உட்கார்ந்திருக்கிற படம். "இவர்தான் செங்கோடன், கேட்டதற்குத் தலையாட்டினார், சொந்தக்காரர்களுக்குத் தெரியும்வரை பகிரவும்" என்று கீழே எழுதியிருந்தது. யார் எடுத்தது, எப்போது எடுத்தது, யாரைக் கேட்பது? ஒன்றும் கிடையாது. பூங்கொடிக்கு மட்டும் பத்துப் பேர் அனுப்பியிருப்பார்கள். நான் விசாரிக்கிறேன், பொறு என்பதற்குள் கொழுந்தனாரோடு ரயில் ஏறிவிட்டாள்.

அது செங்கோடன் இல்லை.

திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். அழவில்லை. "அவுரும் பாவமுங்க்கா. யாரு வந்து என்ன பேரச் சொன்னாலும் தலையாட்டிருப்பாரு. எப்படியாச்சும் கூட்டிட்டுப் போயிருவாங்கன்னு ஒரு நப்பாசைதானுங்க" என்றாள். அந்த மனுஷனுக்காகவும் வருத்தப்படுகிற மனசு அவளுக்கு இருந்தது. அவரை அங்கேயே ஒரு காப்பகத்தில் சேர்க்க ஏற்பாடு செய்தோம். எழுந்து போகும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நெசமா இருந்தாத்தான் என்னையக் கூப்புடோணும். இல்லீன்னா வேண்டாம். இன்னொருக்கா என்னால தாங்க முடியாதுங்க்கா" என்றாள். சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. கொழுந்தனார் காரியம் செய்துவிடலாம் என்று பேச ஆரம்பித்தார். அவர் கெட்டவர் இல்லை, அண்ணனை நினைத்து அவரும் உருகினவர்தான். "சோறு வெச்சு அனுப்பாம உட்டா அந்த உசுரு அலையுமுங்க" என்பார். ஊரில் பெரியவர்களும் அதையே சொன்னார்கள். வருகிற வெள்ளிக்கிழமை அமாவாசை, காவிரிக் கரையில் காரியம், பூங்கொடி தாலியைக் கழற்றிவிட வேண்டியது என்று முடிவாகிவிட்டது. அவள் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். எதை வைத்துக்கொண்டு வேண்டாம் என்பாள்? அவளிடம் ஒன்றுமே இல்லையே.

அந்த வாரம் திங்கட்கிழமை காலை நான் ஃபீடைத் திறந்தேன்.

கதிர்வேல் அப்போதே அதில் ஒரு வடிகட்டி போட்டு வைத்திருந்தார். தமிழ்நாடு, சேலம், நாமக்கல், திருச்செங்கோடு, நாம் தேடுகிறவர்களின் பெயர்கள், அவற்றை வடக்கத்திக்காரர்கள் எப்படியெல்லாம் எழுதுவார்களோ அந்த எழுத்துகள். இதில் ஒன்று இருந்தால் செய்தி மேலே வந்து சிவப்பாக நிற்கும். மற்றதெல்லாம் கீழே போகும். நல்ல ஏற்பாடு, அதைக் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் செய்தி மூட்டைக்குள் மூச்சு முட்டிச் செத்திருப்போம். எனக்குத்தான் ஒரு கெட்ட பழக்கம், எழுத்து என்று எதையும் படிக்காமல் விட முடியாது. வடை மடித்துக் கொடுக்கிற பேப்பரைக்கூடப் படித்துவிட்டுத்தான் வடையைத் தின்பேன். அதனால் கீழே கிடந்ததையும் மேய்ந்துகொண்டிருந்தேன்.

நாக்பூர் தாண்டி இருக்கிற ஒரு காப்பகத்தின் செய்தி. ஆங்கிலத்தில் இருந்தது. "புதிதாக வந்தவர்: நடுவயது ஆண். பெயர் சாமி. ஊர் ஊடு. இந்த இரண்டு சொற்களைத் தவிர அதிகம் பேசுவதில்லை. ஊடு என்ற ஊர் ஒடிசாவில் இருக்கலாம் என்று நினைக்கிறோம். வரும் வாரம் ஒடிசா செல்லும் எங்கள் குழுவோடு இவரையும் அனுப்பி விசாரிக்க உள்ளோம். மிகவும் பணிவானவர். யாரைப் பார்த்தாலும் தன் பெயரைச் சொல்லி வணங்குகிறார். சமையல் செய்பவரிடமும், பெருக்க வருபவரிடமும், அவர்களுடைய குழந்தைகளிடமும்கூடத் தினமும் சொல்கிறார்."

பாவம் யாரோ என்று அடுத்த செய்திக்குப் போய்விட்டேன். ஆனால் மனசு போகவில்லை. என்னமோ நெருடியது. திரும்ப மேலே வந்தேன். ஒரு மனுஷன் தன் பெயரைத் தினமும் அதே ஆளிடம் எதற்குச் சொல்லுவான்? சின்னக் குழந்தையிடம் யாராவது கைகூப்பிப் பெயர் சொல்லுவார்களா? வாய்விட்டுப் படித்தேன். சாமி. சாமி.

அட, இந்த மனுஷன் பெயரா சொல்லுகிறான்? கூப்பிடுகிறான்! கிழவரையும் சாமி என்று கூப்பிட்டு, தொட்டில் குழந்தையையும் சாமி என்று கூப்பிடுகிற ஊர் எது? அப்புறம் அந்த ஊடு. ஒடிசாவும் இல்லை ஒன்றும் இல்லை. வீட்டை ஊடு என்கிற வாய் அது. ஊட்டுக்குப் போகணும், ஊட்டுக்குப் போகணும் என்று அந்த ஆள் தினமும் எல்லோரையும் கெஞ்சிக்கொண்டிருக்கிறார், அவர்கள் ஊர்ப்பெயர் என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

"கதிரு! இங்க ஓடியா!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ரூம்காரர்களும் ஓடி வந்தார்கள்.

கதிர்வேல் ஒரு தரம் படித்தார். நான் சொன்னதும் அவருக்கும் பொறி தட்டிவிட்டது. "மேடம், பூங்கொடியக் கூப்பிடுங்க" என்றார்.

"கூப்பிட மாட்டேன்" என்றேன்.

"வெள்ளிக்கிழமை காரியம் மேடம்! இன்னிக்கே சொன்னாத்தான் நிறுத்துவாங்க."

"எதைச் சொல்லி நிறுத்தச் சொல்றே? ஈரோட்டிலிருந்து கரூர் வரைக்கும் எத்தனை பேர் சாமிங்கறான், ஊடுங்கறான்? இது நம்ம பக்கத்து ஆளுன்னு மட்டுந்தான் இப்போ தெரியுது. செங்கோடன்னு எங்கே தெரியுது?"

அவர் முகம் வாடிவிட்டது. எனக்கும் உள்ளுக்குள் தவிப்புத்தான். சொல்லாமல் இருந்து, அது அவராகவே இருந்து, வெள்ளிக்கிழமை அவள் தாலியைக் கழற்றிவிட்டால் அந்தப் பாவம் என்னைச் சும்மா விடுமா? சொல்லிவிட்டு, இன்னொருவர் என்று ஆகிவிட்டால் அவள் பிழைப்பாளா? இந்த மாதிரி நேரத்தில்தான் கை பரபரக்கும், கண்ணுகளா. பதறாத காரியம் சிதறாது. அவளுக்கு முன்னால் நாம் அலைய வேண்டும், அதற்குத்தான் நாம் இருக்கிறோம்.

செய்தியில் இருந்த இணைப்பைத் தட்டினால் பக்கம் திறக்கவில்லை. அவர்கள் தளமே அன்றைக்குப் படுத்துவிட்டது. கதிர்வேல்தான் நிதானமாக, "தளம் போனாப் போகட்டும் மேடம், ஃபீடுல வந்தது நம்மகிட்டயே தங்கிருக்கும்" என்று சொல்லி, செய்தியை முழுக்க விரித்துக் கடைசிக்குப் போனார். அங்கே அவர்கள் போன் நம்பர் இருந்தது.

எடுத்தது ஒரு பெண். நான் யார், எதற்குக் கூப்பிடுகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "சாமியா? அவர் போனில் பேச மாட்டாரே. கொடுத்தாலும் பார்த்துக்கொண்டே இருப்பார்" என்றாள். காதில் வைத்தால் மட்டும் போதும், நான் பேசிக்கொள்கிறேன் என்றேன்.

அவள் அவரைக் கூப்பிடப் போன நேரத்தில் கதிர்வேல் ஒரு காகிதத்தில் எழுதி என் முன்னால் தள்ளினார். "செங்கோடன்னு கூப்பிட்டுப் பாருங்க." நான் தலையாட்டி மறுத்துவிட்டேன். இதை மட்டும் நீங்கள் மறக்கவே கூடாது. பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்கக் கூடாது. பெயரைச் சொல்லி நீங்கள்தானே என்றால், வீட்டுக்குப் போகத் தவிக்கிறவர் யாராக இருந்தாலும் ஆமாம் என்பார். ஆந்திராவில் தலையாட்டியவர் ஒன்றும் பொய்யர் இல்லை, கேட்டவன்தான் முட்டாள்.

போனில் மூச்சுச் சத்தம் கேட்டது.

"ஏனுங்க, நல்லாருக்கறீங்களா? சாப்ட்டாச்சுங்களா?" என்றேன்.

மின்விசிறிச் சத்தம் மட்டும். அப்புறம் திரும்ப, "அங்க வெயிலு ஜாஸ்திங்களா? இங்க நேத்துப் பொழுதோட நல்ல மழைங்க" என்றேன், சும்மா அக்கம்பக்கத்தில் பேசுகிற மாதிரி.

"சாமி..." என்று ஒரு குரல். "ஊட்டுக்குப் போகோணும் சாமி."

"போலாமுங்க. ஊடு எங்கீங்க?"

"ஆத்தோரம். அணக்கட்டுக்குக் கெழக்கால."

கதிர்வேல் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நான் கையைக் காட்டி அடக்கினேன். காவிரியில் எத்தனையோ அணைக்கட்டு இருக்கிறது.

"ஊட்ல யாருங்க இருக்கறாங்க?"

லைன் போய்விட்டது என்றே நினைத்தேன்.

"பூங்கொடி இருக்கறா" என்றார். "இப்ப ஊட்ல இருக்க மாட்டா. தறிக்குப் போயிருப்பா."

நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அழுதுவிட்டேன், அது தெரியும். வயசு, பதவி எல்லாம் பார்த்தால் அழக்கூடாதாம். போகட்டும் விடுங்கள். அந்தப் பெண் போனை வாங்கி "என்ன ஆச்சு, என்ன ஆச்சு, இவரும் அழுகிறாரே" என்று பதறினாள். சாமி என்பது பெயர் இல்லை, நம் பக்கத்தில் மரியாதையாகவும் ஆசையாகவும் கூப்பிடுகிற சொல் என்று விளக்கினேன். "அப்படியென்றால் இத்தனை நாள் அவர் எங்களைத்தான் அப்படிக் கூப்பிட்டாரா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண்ணை நான் இன்றைக்கும் கும்பிடுவேன். அவர்கள் புரிந்துகொண்டது தப்பு, எழுதினது சரி. அவர் வாயிலிருந்து எந்தச் சத்தம் வந்ததோ அதை அப்படியே எழுதினார்கள். "மொழி தெரியாத ஒருவர்" என்று மட்டும் போட்டிருந்தால், செங்கோடன் அந்த வாரம் ஒடிசாவுக்குப் போயிருப்பார். நாளைக்கு நம் ஃபீடில் நீங்கள் எழுதும்போதும் அந்த ஆளின் சொல்லை உங்கள் சொல்லால் திருத்தாதீர்கள். அர்த்தம் தெரிந்தவன் எங்கோ ஒருவன் படிப்பான்.

போனில் சொல்லக் கூடாது என்று நானே பட்டறைக்குப் போனேன். தறி ஓடுகிற இடத்தில் காதோடு கத்தினாலும் கேட்காது என்று உங்களுக்குத் தெரியும். என்னை வாசலில் பார்த்ததும் பூங்கொடி தறியை நிறுத்தினாள். பக்கத்துத் தறி, அதற்கடுத்த தறி என்று ஒவ்வொன்றாக நின்றது. எல்லாப் பெண்களும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"நெசமாத்தான் வந்திருக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"நெசமாத்தான் கண்ணு" என்றேன். "பூங்கொடி இருக்கறா, தறிக்குப் போயிருப்பான்னு அவரு வாயால சொன்னாரு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கூட இருந்த பெண்கள் போட்ட குலவையில் பட்டறை முதலாளி என்னமோ ஏதோ என்று ஓடி வந்தார். கொழுந்தனாருக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் வந்து என் காலில் விழப் போனார். "நானே அண்ணனுக்குக் காரியம் பண்ணப் பாத்தனேங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார். "அட, வர்ற அண்ணனுக்குச் சோறாக்கற வழியப் பாருங்க" என்று அதட்டி அனுப்பினேன்.

அமாவாசை வந்தது, போனது. அடுத்த வாரம் காப்பகத்து ஊழியர் ஒருவர் அவரைச் சேலம் ஜங்ஷனுக்குக் கூட்டி வந்தார். இளைத்துப் போயிருந்தார், ஆனால் சுத்தமாகச் சவரம் பண்ணி, இஸ்திரி போட்ட சட்டையோடு இறங்கினார். பூங்கொடி ஓடவில்லை. பயந்த மாதிரி நின்ற இடத்திலேயே நின்றாள். அவர் அவளையே வெகுநேரம் பார்த்தார்.

"இன்னிக்குத் தறிக்குப் போகலியா?" என்றார்.

"இல்லீங்க, லீவு போட்டுட்டனுங்க" என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் அவள் அழுதாள்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. இன்றைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். சில நாள் ஆற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நல்லாயிருக்கிற நாளில் தம்பியோடு தோட்டங்காட்டு வேலைக்குப் போகிறார், அந்த நல்ல நாள் வரவரக் கூடிக்கொண்டு வருகிறது என்று பூங்கொடி சொல்லுகிறாள்.

அவர் வந்து கொஞ்ச நாள் கழித்து நம் ஃபீடில் இந்தச் செய்தியைப் போட வேண்டியிருந்தது. சம்மதம் கேட்காமல் யார் கதையையும் போடக் கூடாது என்பதால் பூங்கொடியை வரச் சொன்னேன். தாராளமாகப் போடுங்கள், படித்து இன்னொரு குடும்பத்துக்கு வழி கிடைக்கட்டும் என்றாள். என் பக்கத்தில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போலத் தலைப்பைத் தட்டினேன். "காணாமல் போனவர் மீட்பு."

"அக்கா, அது தப்புங்க" என்றாள்.

"எது கண்ணு?"

"அவரு காணாமப் போகலீங்க. போறேன்னு சொல்லிட்டா போனாரு? வாசல்ல நின்னு 'போயிட்டு வாரேன்'னு சொல்லிட்டுத்தானுங்க போனாரு. வர்றதுக்குக் கொஞ்சம் நேரமாயிருச்சு. அவ்வளவுதானுங்க."

அடித்ததை அழித்தேன். அவள் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, நான் தட்டினேன். அன்றைக்கு நம் ஃபீடில் போன தலைப்பு: "போயிட்டு வாரேன்னு சொன்னவர் வந்துட்டார்."